கிள்ளான் தண்டவாளத்தில் ஜூஜோ ரயில்

கிள்ளான் ஸ்டேஷனில் கொமியூட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர் உட்கார்ந்திருக்கும் வண்டி, சீனாவின் ஹூனான் மாநிலத்தில் ஜூஜோ என்னும் ஊரிலிருந்து வந்தது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி ஈப்போவுக்கு இ.டி.எஸ். பிடித்தால் அதுவும் பெரும்பாலும் ஜூஜோ வண்டியாகத்தான் இருக்கும். மஸ்ஜிட் ஜாமெக்கில் அம்பாங் எல்.ஆர்.டி. ஏறினாலும் அதே ஊர்தான். விமான நிலையத்துக்கு விரையும் இ.ஆர்.எல். வண்டிகளில் ஆறு, சீனாவின் வடகிழக்கிலுள்ள சாங்சுன் நகரத்துத் தயாரிப்பு. மலேசிய ரயில்வே நிறுவனமான கே.டி.எம்.மின் டீசல் இன்ஜின்களில் இருபது, டாலியன் துறைமுக நகரத்தில் செய்தவை. ஊர்கள் வேறு வேறு, உரிமையாளர் ஒருவரே: சி.ஆர்.ஆர்.சி. என்ற சீன அரசு நிறுவனம்.

ரயில் பெட்டியும் இன்ஜினும் செய்யும் நிறுவனங்களில் இன்று உலகிலேயே பெரியது அதுதான். பெயர் புதிது, பட்டறைகள் பழையவை. டாலியன் பட்டறையை 1899-இல் ரஷ்யர்கள் தொடங்கினார்கள். ஜூஜோவில் 1936-இல் வேலை தொடங்கியது. சீன ரயில்வேயின் பட்டறைகளெல்லாம் நீண்ட காலம் ஒரே அரசு அமைப்பின் கீழ் இருந்தன. 2000-ஆம் ஆண்டில் அவற்றை வடக்கு, தெற்கு என இரண்டு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். உள்நாட்டில் போட்டி இருந்தால் தரம் உயரும் என்பது எண்ணம். ஆனால் வெளிநாட்டு டெண்டர்களில் இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டி விலையைக் குறைத்துக்கொண்டிருந்தன. 2015 ஜூன் 1-ஆம் நாள் அரசு இரண்டையும் மறுபடி இணைத்தது. அப்படி இணைந்ததுதான் சி.ஆர்.ஆர்.சி.

அதன் வளர்ச்சிக்குப் பின்னால் ஒரு தெளிவான திட்டம் இருந்தது. 2004-இல் சீனா அதிவேக ரயில் வாங்க முன்வந்தபோது ஜப்பானின் கவாசாகி, பிரான்சின் அல்ஸ்தோம், கனடாவின் பம்பார்டியர் ஆகியவையும், அடுத்த ஆண்டு ஜெர்மனியின் சீமென்ஸும் வரிசையில் நின்றன. சீனா எல்லோரிடமும் வாங்கியது. ஆனால் முதல் சில வண்டிகள் மட்டுமே வெளிநாட்டில் கட்டப்பட்டு வரலாம், மீதியைச் சீனப் பட்டறையில் சீனத் தொழிலாளர்கள்தாம் கட்ட வேண்டும், வரைபடமும் கைமாற வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பதின்மூன்று ஆண்டுகளில், 2017-இல், மணிக்கு 350 கிலோமீட்டர் ஓடும் ஃபூசிங் என்ற சொந்த வண்டி ஓடத் தொடங்கியது. 2024 இறுதியில் சீனாவின் அதிவேகப் பாதையின் நீளம் 48,000 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய உள்நாட்டுச் சந்தை கையில் இருக்கிற நிறுவனத்தோடு விலையில் மோதுவது மற்றவர்களுக்குக் கடினம். சீமென்ஸும் அல்ஸ்தோமும் தங்கள் ரயில் பிரிவுகளை ஒன்றாக்கத் திட்டமிட்டபோது முன்வைத்த முக்கியமான வாதமே, சீன நிறுவனத்தைத் தனியாக எதிர்கொள்ள முடியாது என்பதுதான். ஐரோப்பிய ஆணையம் 2019 பிப்ரவரியில் அந்த இணைப்புக்கு அனுமதி மறுத்தது.

இந்தக் கதையில் கிள்ளான் எங்கே வருகிறது?

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து முன்னோடிப் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே, 1886 செப்டம்பரில், கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றின் இக்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் பாதை திறந்தது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் வந்தபின்தான் ரயில் கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது. பின்னர் துறைமுகம் வரை நீண்டது. ஈயமும் பிறகு ரப்பரும் வெளியே போக, அரிசியும் ஆட்களும் உள்ளே வர, இந்தப் பாதைதான் வழி. கப்பலில் வந்திறங்கித் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டுக்குள் முதலில் பயணம் செய்தது இந்தத் தண்டவாளத்தில்தான்.

அவர்கள் பயணிகளாக மட்டும் இருக்கவில்லை. மண் வெட்டிக் கட்டை அடுக்கித் தண்டவாளம் போட்ட கைகளில் பெரும்பகுதி தென்னிந்தியக் கைகள். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் ஊராகவே வளர்ந்தது. ஜாலான் ரொசாரியோவையும் ஜாலான் சான் ஆ தோங்கையும் ஒட்டி இருந்த நூறு குவார்ட்டர்ஸ், ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடுகள். அவை இப்போது இடிக்கப்பட்டுவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளை வரிசைப்படுத்திய பெரிய யார்டு இருந்த நிலத்தில்தான் 2001 ஏப்ரலில் கே.எல். சென்ட்ரல் திறந்தது.

இன்னொரு ஊர் செந்தூல். ரயில்வேயின் மத்தியப் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே இயங்கியது. நீராவி இன்ஜினின் கொதிகலனைப் பிரித்து மாட்டுவது, அச்சு வார்ப்பது, சக்கரம் கடைவது, மரப்பெட்டி இழைப்பது என்று ஒரு ரயிலை அடியிலிருந்து முடி வரை பிரித்துக் கட்டத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். அப்பா ஃபிட்டர், மகன் பயிற்சித் தொழிலாளி என்று குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வேலை பார்த்த இடம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், நேச நாட்டு விமானங்கள் குறிவைத்துக் குண்டு போட்டது இந்தப் பட்டறைமேல். அது நின்றால் மலாயா ரயில்வே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 1962 டிசம்பரில் நாள்கூலிக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கேட்டு ரயில்வேத் தொழிலாளர் சங்கம் நாடு முழுவதும் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் செந்தூலின் குரல் ஓங்கி இருந்தது.

செந்தூலை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மலாயா ரயில்வே எந்தக் காலத்திலும் வண்டிகளை வெளிநாட்டில்தான் வாங்கியது. நீராவிக் காலத்தில் கிளாஸ்கோ, 1957-இல் முதல் பெரிய டீசல் இன்ஜின்களுக்கு இங்கிலீஷ் எலெக்ட்ரிக், எண்பதுகளில் ஜப்பானின் ஹிட்டாச்சி. ஆக, சீனாவில் வாங்குவது புதிய திசைதானே தவிர புதிய பழக்கம் அல்ல. வாங்கிய வண்டியை முப்பது நாற்பது ஆண்டு ஓட வைக்கும் கைத்திறன் அப்போது இங்கே இருந்தது. அது இன்று எங்கே, யாரிடம் இருக்கிறது என்பதுதான் கிள்ளான் பயணி கேட்க வேண்டிய கேள்வி.

கொமியூட்டரின் கதையே அதற்குச் சாட்சி. 1995-இல் சேவை தொடங்கியபோது வந்தவை ஆஸ்திரியாவின் யென்பாக்கர் கட்டிய மூன்று பெட்டி வண்டிகள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு வகை, தென்கொரியாவின் ஹூண்டாயிலிருந்து இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். உள்ளே மூன்று நாட்டு உதிரிப் பாகங்கள், மூன்று வகை மின்சார அமைப்பு, மூன்று கையேடு. பத்து ஆண்டு ஓடியபின் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்ட காலத்தில் பாகம் கிடைக்காமல் வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஒன்றை ஓட வைக்க இன்னொன்றிலிருந்து பாகம் கழற்றும் நிலை வந்தால் எந்தப் பட்டறையும் மீள்வது கடினம். 2010 வாக்கில் கிள்ளான் பாதையில் காலை நேரத்தில் பயணம் செய்தவர்களுக்கு அதன் விளைவு உடம்பில் பதிந்திருக்கும்: கதவு மூட முடியாத கூட்டம், எப்போது வரும் என்று தெரியாத அடுத்த வண்டி.

அந்த ஆண்டு அரசு ஜூஜோவில் 38 வண்டித்தொடர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஆறு பெட்டி, மொத்தம் 228. விலை ஏறத்தாழ 189 கோடி வெள்ளி. 2012-இல் முதல் வண்டி பயணிகளை ஏற்றியது. மூன்று பெட்டியில் நெரிந்த கூட்டம் ஆறு பெட்டியில் பரவியது. நடுவிலுள்ள பெட்டிகள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. பழைய வண்டிகளில் திணறிய குளிர்சாதனம் புதியதில் வேலை செய்தது. இரவு வேலை முடிந்து பந்தாய் டாலாமிலிருந்து தெலுக் பூலாய் வரை தனியாகப் போகிற பெண்ணுக்கு இதெல்லாம் சின்ன மாற்றம் அல்ல.

இந்த வண்டிகளுக்கு முன்னால் தனி இன்ஜின் கிடையாது. மேலே ஓடும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மின்சாரத்தைக் கூரையிலுள்ள மடக்குக் கை எடுக்கிறது. பெட்டிகளுக்கு அடியிலிருக்கும் மின்மாற்றியும் மாற்றுக் கருவிகளும் அதை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகின்றன. மோட்டார்கள் பல பெட்டிகளின் சக்கரச் சட்டங்களில் பகிர்ந்து வைக்கப்பட்டிருப்பதால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று போகும் பாதையில் சட்டென்று வேகமெடுக்க முடிகிறது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் பெலாபுஹான் கிள்ளானில் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை, ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும். சீனாவின் பாதைகளில் தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மில்லிமீட்டர். இங்கே 1,000 மில்லிமீட்டர்தான். எனவே சீனாவில் ஓடும் வண்டியை அப்படியே கப்பலேற்றி அனுப்ப முடியாது. சக்கரச் சட்டம், பெட்டியின் அகலம், எடைப் பகிர்வு எல்லாவற்றையும் இந்த மீட்டர் பாதைக்கென்று புதிதாக வடிவமைக்க வேண்டும். ஜூஜோ பொறியாளர்கள் அதைச் செய்தார்கள்.

தைப்பூசம்தான் இந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் வரும் பெரிய சோதனை. செந்தூலிலிருந்து பத்துமலைக்கு மின்சார இரட்டைப் பாதை 2010-இல் திறந்ததிலிருந்து முருகனைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி கொமியூட்டருக்கு மாறிவிட்டது. கிள்ளான் குடும்பங்கள் கே.எல். சென்ட்ரலில் வண்டி மாறி, பால்குடத்தையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு பத்துமலைக்குப் போகின்றன. அந்த நாட்களில் இரவு பகல் பார்க்காமல் வண்டி ஓடும். கதவு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் திறந்து மூட வேண்டும், நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குக் குளிர்காற்று போதவேண்டும், ஒரு வண்டி நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். ஆண்டு முழுவதும் பட்டறையில் என்ன பராமரிப்பு நடந்தது என்பது அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

புதிய வண்டிகளும் பழையவையாகும். ஜூஜோ வண்டிகளும் பத்தாண்டைத் தாண்டி, பெரிய பழுதுபார்ப்புக்காகப் பல ஒதுங்கின. போதாக்குறைக்குத் தண்டவாளத்திலேயே வேலை நடக்கிறது. சாலாக் செலாத்தான் முதல் சிரம்பான் வரையும், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையும் சுமார் 110 கிலோமீட்டர் இரட்டைப் பாதையைப் புதுப்பிக்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு பாதையை அடைத்துவிட்டு மறுபாதையில் இரு பக்க வண்டிகளையும் விட வேண்டியிருக்கிறது. புது வண்டி வாங்கிவிட்டால் தாமதம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி, பாதை, சிக்னல், மின்கம்பி நான்கில் எது நொண்டினாலும் பயணி பிளாட்பாரத்தில்தான் நிற்பார்.

2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் ஓர் அறிவிப்புச் செய்தார். கே.டி.எம். நிறுவனத்துக்காகச் சீனாவிடமிருந்து 62 வண்டித்தொடர்களை 30 ஆண்டு குத்தகைக்கு எடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மொத்தம் 1,070 கோடி வெள்ளி. ஆண்டுக் கணக்கில் சுமார் 36 கோடி வெள்ளி வருகிறது. ஒரு வண்டித்தொடருக்கு ஆண்டுக்கு 58 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முதலிலேயே பெரிய தொகையைக் கட்ட வேண்டியதில்லை என்பது அரசின் பக்கத்து நியாயம், அது சரியான நியாயமும்கூட. பிரிட்டனில் ரயில்வே தனியார்மயமான தொண்ணூறுகளிலிருந்து வண்டிகளை மூன்று பெரிய குத்தகை நிறுவனங்கள் சொந்தமாக வைத்துக்கொண்டு ரயில் இயக்குவோருக்கு வாடகைக்கு விடுகின்றன. சொந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பராமரிப்புப் பணம் ஒதுக்க மறந்துபோகிற அரசுகளுக்கு, தவணை தவறாமல் கட்டியாக வேண்டிய குத்தகை ஓர் ஒழுங்கைக் கொண்டுவரும்.

ஆனால் முப்பது ஆண்டு என்பது நீண்ட காலம். இன்று ஒன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளை முப்பத்தாறு முப்பத்தேழு வயதில் அதே வண்டியில் தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார். அவ்வளவு காலத்துக்கு ஒரே தயாரிப்பாளரோடு நாடு பிணைந்திருக்கும்போது அந்தத் தயாரிப்பாளர் பிற ஊர்களில் எப்படி நடந்துகொண்டார் என்று பார்ப்பது தேவை.

பக்கத்திலேயே சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே எம்.ஆர்.டி.க்குக் கவாசாகியும் சிங்தாவ் நகரத்துச் சீனப் பட்டறையும் சேர்ந்து கொடுத்த 35 வண்டிகளில் 26-இல் அலுமினிய உடலில் மயிரிழை விரிசல்கள் இருந்தன. அலுமினியத்தில் கலந்த மாசுதான் காரணம், பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று தரைப் போக்குவரத்து ஆணையம் சொன்னது. வண்டிகள் கப்பலில் சீனாவுக்குத் திரும்பிப் போய்ப் புதிய உடலோடு வர ஏற்பாடாயிற்று, செலவு தயாரிப்பாளருடையது. 2016 ஜூலையில் ஹாங்காங் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட பிறகுதான் இந்த விஷயம் மக்களுக்குத் தெரிந்தது. குறை வந்ததைவிட அதை மூடி வைத்ததுதான் அங்கே அதிகக் கோபத்தைக் கிளப்பியது. அதே சமயம், உத்தரவாதம் வலுவாக எழுதப்பட்டிருந்ததால் சிங்கப்பூருக்குப் பண நட்டம் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் சுரங்க ரயிலுக்குப் பெட்டிகள் ஆர்டர் செய்தது. அவற்றை அதே மாநிலத்திலேயே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை, அதற்காகவே சி.ஆர்.ஆர்.சி. ஸ்பிரிங்ஃபீல்டில் தொழிற்சாலை அமைத்தது. தரக் குறைபாடு, பெருந்தொற்று, வரி, அரசியல் எல்லாம் சேர்ந்து வேலை பல ஆண்டு பின்தங்கியது. 2024-இல் நகரப் போக்குவரத்து நிறுவனம் கூடுதலாக 14.8 கோடி டாலர் கொடுக்கவும், 2027 வரை காத்திருக்கவும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பல்கேரியாவில் 20 ரயில்களுக்கான டெண்டரில் அரசு மானியத்தால் விலை குறைக்கப்பட்டதா என்று ஐரோப்பிய ஆணையம் விசாரிக்கத் தொடங்கியதும் சீன நிறுவனம் போட்டியிலிருந்து விலகியது.

பெங்களூரு அனுபவம் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. மெட்ரோவின் 216 பெட்டிகளுக்கான ஒப்பந்தம் 2019-இல் சி.ஆர்.ஆர்.சி.யின் நான்ஜிங் பிரிவுக்குக் கிடைத்தது. பெரும்பகுதியை இந்தியாவில் கட்ட வேண்டும். மறு ஆண்டு எல்லையில் மோதல் வெடித்தது, சீனப் பொறியாளர்களுக்கு விசா கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. கடைசியில் கொல்கத்தாவின் டிட்டாகர் நிறுவனத்தோடு கைகோத்துத்தான் வேலை நடந்தது. முதல் வண்டி 2024 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி லாரிகளில் பெங்களூரு போனது. மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கும்வரை கட்டி முடித்த ஸ்டேஷன்கள் வண்டிக்காகக் காத்திருந்தன.

இந்த உதாரணங்களை வைத்துச் சீன வண்டி மோசம் என்று முடிவு கட்டுவது தவறு. ஜகார்த்தாவுக்கும் பண்டுங்குக்கும் இடையே 2023 அக்டோபரிலிருந்து 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது சி.ஆர்.ஆர்.சி. வண்டிதான். இலங்கை ரயில்வேயிலும் அதன் டீசல் வண்டிகள் ஓடுகின்றன. வண்டியின் தரம் ஒப்பந்தத்தின் தரத்தையும், வாங்குகிறவரின் கண்காணிப்பையும், உள்ளூர்க் கைகளின் பயிற்சியையும் பொறுத்தது. இந்த மூன்றும் வாங்குகிற நாட்டின் பொறுப்பு.

பேராக்கில் பத்து காஜாவை இங்கே பார்க்க வேண்டும். செந்தூல் பட்டறையின் வேலை இடம் மாறிப் போனது அந்த ஊருக்குத்தான். செந்தூலில் பட்டறைக் கட்டடங்கள் பாழடைய, பக்கத்தில் ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005-இல் கலை அரங்கமாக மாறியது. பத்து காஜாவில் 2015-இல் சீன நிறுவனம் ஆசியான் நாடுகளுக்கான தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. சுமார் 40 கோடி வெள்ளி முதலீடு. வண்டி பூட்டுவது, பெரிய பழுதுபார்ப்புச் செய்வது இரண்டும் அங்கே நடக்கின்றன. கே.டி.எம். பட்டறையும் சீனத் தொழிற்சாலையும் ஒரே ஊரில் இருப்பது நல்ல வாய்ப்பு. ஆனால் பெட்டிகளைக் கொண்டுவந்து போல்ட் முடுக்கும் வேலை மட்டும் இங்கே நடந்து, மாற்றுக் கருவியும் கட்டுப்பாட்டு மென்பொருளும் பூட்டிய பெட்டியாகவே வந்து பூட்டிய பெட்டியாகவே திரும்பிப் போனால், முப்பது ஆண்டு கழித்தும் நாம் வாடகைக்காரர்களாகவே இருப்போம்.

வேறு விதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் சுவிஸ் நிறுவனம் ஒன்றிடம் கற்றுக்கொண்டு தொடங்கியது. அதே தொழிற்சாலைதான் 2018-இல் பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற வண்டியைத் தானே வடிவமைத்துக் கட்டியது. சீனாவே ஜப்பானிடமும் ஜெர்மனியிடமும் கற்றுத்தான் இந்த இடத்துக்கு வந்தது. கற்றுக்கொடுப்பதையும் விலையின் ஒரு பகுதியாக்கி ஒப்பந்தத்தில் எழுதியது.

மலேசியாவுக்கும் அந்தத் துணிச்சல் ஒரு காலத்தில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தித்திவங்சாவுக்கு 2003-இல் ஓடத் தொடங்கிய மோனோரயில் வண்டிகள் உள்நாட்டுத் தயாரிப்பு. அவற்றைச் செய்த நிறுவனத்தை எடுத்து நடத்திய ஸ்கோமி மும்பைக்கே மோனோரயில் கட்டிக் கொடுத்தது, 2014-இல் அது ஓடியது. பிறகு பணம் தீர்ந்தது, உதிரிப் பாகம் போகவில்லை, மும்பை 2018-இல் ஒப்பந்தத்தை முறித்தது. கோலாலம்பூரில் நான்கு பெட்டி வண்டிகளுக்கான ஒப்பந்தமும் முறிந்தது. சிறிய நாட்டின் சிறிய நிறுவனம் தனியாக ரயில் செய்து பிழைப்பது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது. ஆனால் உலு சிலாங்கூரில் ராசாவிலிருக்கும் எஸ்.எம்.எச். ரயில் நிறுவனம் இன்ஜின்களைப் புதுப்பித்தும் கட்டியும் தான்சானியா வரை அனுப்பியிருக்கிறது. இங்கே ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கிள்ளானில் இன்னும் இரண்டு பாதைகள் வருகின்றன. ஒன்று ஷா ஆலம் எல்.ஆர்.டி. பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரை 37.8 கிலோமீட்டர், கிள்ளான் ஊரின் நடுவிலும் ஸ்ரீ அண்டலாஸ், புக்கிட் திங்கி பகுதிகளிலும் நிற்கும். முதலில் ஆறு பெட்டி கொண்ட 42 ஜூஜோ வண்டிகள் திட்டத்தில் இருந்தன. 2018-இல் ஆட்சி மாறியதும் செலவு 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடியாக வெட்டப்பட்டது. வண்டிகள் மூன்று பெட்டி கொண்ட 22 ஆகச் சுருங்கின. திறப்பு நாளும் பலமுறை தள்ளிப்போனது. கிள்ளானின் மக்கள் தொகையையும் கூட்டரசு நெடுஞ்சாலையின் காலை நெரிசலையும் பார்த்தவர்களுக்கு மூன்று பெட்டி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கவலை வராமல் போகாது.

மற்றது கோத்தா பாருவிலிருந்து 665 கிலோமீட்டர் வரும் கிழக்குக் கரை ரயில். அது முடிவது கிள்ளான் துறைமுகத்தின் ஜாலான் கஸ்தாமில், கொமியூட்டர் ஸ்டேஷன் இருக்கும் அதே பகுதியில். இது மீட்டர் பாதை அல்ல, 1,435 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பாதை, 160 கிலோமீட்டர் வேகம். பாதையைக் கட்டுவது வேறொரு சீன நிறுவனம், வண்டிகள் சி.ஆர்.ஆர்.சி.யுடையவை. இத்திட்டத்துக்காகப் பல ஆண்டுகளாகத் தொழிற்பயிற்சி நடக்கிறது, சீனாவின் ரயில்வேப் பல்கலைக்கழகங்களுக்கும் மலேசிய மாணவர்கள் படிக்கப் போயிருக்கிறார்கள்.

அந்த வகுப்பறைகளில் நூறு குவார்ட்டர்ஸின் பேரப்பிள்ளைகளும் செந்தூல் ஃபிட்டர்களின் பேத்திகளும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? எஸ்.பி.எம். முடித்த தமிழ்ப் பிள்ளைகளிடம் மருத்துவம், சட்டம், கணக்கியல் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. மின்சார ரயிலின் மாற்றுக் கருவியைச் சோதிக்கும் வேலை பற்றி, சக்கரம் கடையும் இயந்திரம் பற்றி, ஜொகான் செத்தியா டிப்போவில் இரவு முறையில் வண்டியைப் பரிசோதிக்கும் தொழில்நுட்பர் பற்றி யாரும் சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தச் சமூகத்துக்குச் சம்பளமும் வீடும் ஓய்வூதியமும் கொடுத்த துறை இது.

சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. 62 வண்டிகளின் குத்தகையில் பெரிய பழுதுபார்ப்பு எத்தனையாவது ஆண்டில், பத்து காஜாவிலா ஜூஜோவிலா? உதிரிப் பாகங்களில் எத்தனை விழுக்காடு இங்கே செய்யப்படும், எந்த ஆண்டுக்குள்? வண்டியின் மென்பொருளைத் திறந்து பழுது பார்க்க உள்ளூர்ப் பொறியாளருக்கு உரிமை உண்டா? வண்டி ஓடாத நாளுக்கு வாடகை உண்டா, கழிவு உண்டா? சிங்கப்பூரில் நடந்ததுபோல் உடலில் விரிசல் கண்டால் யார் செலவு, பொதுமக்களுக்கு எத்தனை நாளில் சொல்லப்படும்? பயிற்சி பெறும் இளைஞர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர், எந்தெந்தக் கல்லூரிகளிலிருந்து? 1,070 கோடி வெள்ளி கட்டப்போகிற நாடு இந்தப் பதில்களை எழுத்தில் வாங்கி மக்கள் முன் வைக்க வேண்டும், அதுவும் முதல் வண்டி கிள்ளான் ஸ்டேஷனுக்குள் வருவதற்கு முன்பே.